பாய்மரப் படகில் சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கலாமா?

கேள்வி இது: "36 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து பாத்தாமுக்கும், நன்றாகப் பழகிய பிறகு மலாக்கா நீரிணை வழியாக லங்காவிக்கும் போக ஆசை. அவ்வளவு பெரிய கப்பல்களுக்கு நடுவே இவ்வளவு சின்னப் படகில் போவது பாதுகாப்பானதா? கப்பல்தானே பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும்?"

போகலாம். சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் உள்ள நோங்சா பாயின்ட் மரீனா என்ற படகுத்துறைக்குச் சிறு படகுகள் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிற நம்பிக்கையோடு அந்தக் கடலில் இறங்காதீர்கள். அதை முதலில் சரிசெய்துவிடலாம். நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

திறந்த கடலில் இயந்திரக் கப்பல் பாய்மரக் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்பது உண்மைதான். 1972-இல் உருவாகி 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 18-ஆவது விதி அதைச் சொல்கிறது. ஆனால் சிங்கப்பூர் நீரிணை திறந்த கடல் கிடையாது. அங்கே போகும் கப்பல்களுக்கும் வரும் கப்பல்களுக்கும் தனித்தனித் தடம் வகுக்கப்பட்டிருக்கிறது. தடம் வகுத்த இடங்களுக்கு 10-ஆவது விதி பொருந்தும். 20 மீட்டருக்குக் குறைவான எந்தக் கலமும், எந்த அளவிலான பாய்மரக் கலமும், தடத்தோடு செல்லும் இயந்திரக் கப்பலின் பாதுகாப்பான பயணத்துக்கு இடையூறு செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. உங்கள் படகு 11 மீட்டர், பாயும் இருக்கிறது. இரண்டு கணக்கிலும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டியவர்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு கலங்களும் மோதிக்கொள்ளும் நிலை உருவாகிவிட்டால், அந்தப் பெரிய கப்பலும் வழக்கமான விதிகளின்படி நடக்கக் கடமைப்பட்டதுதான். அதனால், 'நான் ஒதுங்க வேண்டியவன்' என்று நீங்கள் கடைசி நிமிடத்தில் திரும்பும்போது, 'நான் வழிவிட வேண்டியவன்' என்று அவரும் திரும்பலாம். இரண்டும் ஒரே பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மோதும் நிலை உருவாவதற்கு முன்பே, அதாவது கப்பல் மூன்று நான்கு கடல் மைல் தள்ளி இருக்கும்போதே, உங்கள் முடிவை எடுத்து முடித்திருக்க வேண்டும். நீரிணையைக் கடக்கிற திறமை என்று நான் நினைப்பது கிட்டத்தட்ட முழுவதும் இதுதான்.

கப்பல்காரர் ஏன் நமக்காக எதுவும் செய்ய முடியாது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் போகின்றன. மிகக் குறுகிய இடமான ஃபிலிப் சேனல் சுமார் 1.5 கடல் மைல் அகலம்தான். சில இடங்களில் ஆழம் 23 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல்தரைக்கும் நடுவே குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எண்ணெய் நிரம்பிய ஒரு பெரிய டேங்கர் இதற்குள் ஒரு கோட்டில்தான் போக முடியும். அந்தக் கோட்டை விட்டு விலகினால் தரை தட்டும். நிறுத்தலாமே என்றால் அதுவும் முடியாது. முழு வேகத்தில் போகும் கப்பல், இயந்திரத்தைப் பின்னோக்கி முழுதாக ஓட்டினால் தன் நீளத்தைப் போல 15 மடங்கு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அளவுகோல். 300 மீட்டர் கப்பலுக்கு அது நாலரை கிலோமீட்டர்! அப்புறம், கப்பலை மேலிருந்து இயக்கும் கட்டுப்பாட்டு அறையில் நிற்கும் அதிகாரியின் பார்வை, கப்பலின் முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை தண்ணீரைத் தொடாமல் இருக்க விதியே இடம் தருகிறது. அடுக்கி வைத்த கண்டெய்னர்களுக்குக் கீழே அந்த 500 மீட்டருக்குள் இருக்கிற படகு அவருக்குத் தெரியாது. அதனால் கப்பல் உங்களைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு படகை ஓட்டுங்கள். பார்த்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

சரி, தடங்களுக்கு வருவோம். உலகிலேயே முதலில் 1967-இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே டோவர் நீரிணையில் இப்படிப் போக்குவரத்தைப் பிரித்தார்கள். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளுக்கு 1977-இல் ஏற்கப்பட்ட திட்டம் 1981-இல் நடைமுறைக்கு வந்தது. போர்ட் கிளாங்குக்கு அப்பால் உள்ள ஒன் ஃபாதம் பேங்க் என்ற ஆழமற்ற கடல்திட்டில் தொடங்கி, கிழக்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் வரை தடங்கள் நீள்கின்றன. கடலில் எல்லாரும் வலப்பக்கம் ஒதுங்கிப் போவதுதான் முறை. அதனால் மேற்கே போகும் கப்பல்கள் சிங்கப்பூர்க் கரையை ஒட்டிய வடக்குத் தடத்திலும், கிழக்கே போகும் கப்பல்கள் இந்தோனேசியப் பக்கமுள்ள தெற்குத் தடத்திலும் செல்லும். நடுவே பிரிப்புப் பகுதி.

சிங்கப்பூரிலிருந்து தெற்கே கிளம்பினால் முதல் தடத்தில் கப்பல்கள் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும்; இரண்டாவதில் வலப்பக்கத்திலிருந்து. திரும்பி வரும்போதும் முதலில் இடம், பிறகு வலம்தான். நம் ஊர்ச் சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய கழுத்துக்கு இது நேர் எதிர். இதை வரைபடத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் படகிலிருக்கும் விருந்தாளி "அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்கும்போது நீங்களும் சேர்ந்து குழம்பாமல் இருக்க உதவும்.

தடத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இங்கேதான் ஜிபிஎஸ் திரையைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் தடுமாறுகிறார்கள். விதி சொல்வது படகின் முகப்பு நோக்கும் திசையை; தரையின் மேல் உங்கள் பாதை எப்படி விழுகிறது என்பதை அல்ல. இங்கே நீரோட்டம் 2 நாட் வேகம், அதாவது மணிக்கு 2 கடல் மைல், என்பது சாதாரணம், சில நாட்களில் அதற்கும் மேலே போகும். 5 நாட் வேகத்தில் இரண்டு கடல் மைல் அகலத்தைக் கடக்க 24 நிமிடம் ஆகும். அதற்குள் ஓட்டம் உங்களை 0.8 கடல் மைல் பக்கவாட்டில் இழுத்துவிடும். இழுக்கட்டும். ஓட்டத்தை எதிர்த்து முகப்பைச் சாய்த்துப் போனால், தூரத்திலிருந்து பார்க்கும் கப்பலுக்கு நீங்கள் கடக்கிறீர்களா, தடத்தோடு வருகிறீர்களா என்று புரியாது. இரவில் உங்கள் பச்சை, சிவப்பு விளக்குகளும் தப்பான செய்தி சொல்லும். முகப்பைச் செங்குத்தாகப் பிடித்து, போய்ச் சேரும் இடம் எவ்வளவு தள்ளி விழும் என்பதை முன்பே கணக்கிட்டு, அதற்கேற்ப மேலே அல்லது கீழேயிருந்து தடத்துக்குள் நுழையுங்கள். ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம், பாத்து பெர்ஹந்தி போன்ற இடங்களுக்கு அருகே கடக்கவே வேண்டாம். அங்கே தடம் குறுகும், கப்பல்கள் திரும்பும், ஓட்டமும் கடுமை.

இப்போது இடைவெளிக் கணக்கு. 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை 4 நிமிடத்தில் தாண்டும். 5 நாட் வேகத்தில் போகும் உங்களுக்கு அதே தூரம் 12 நிமிடம். ஒரு கப்பலுக்கும் அதன் பின்னால் வரும் கப்பலுக்கும் இடையே 3 கடல் மைல் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 12 நிமிடம், அதாவது ஒரு கடல் மைல் பயணம். முதல் கப்பலின் பின்புறத்தை ஒட்டினாற்போல் நுழைந்தால்தான் அந்த 12 நிமிடமும் முழுதாகக் கைக்கு வரும். அது பாதி தூரம் போகட்டும் என்று காத்திருந்தால் பாதி நேரம் போய்விட்டது. அதனால் நான் செய்வது இது: தடத்தின் விளிம்புக்கு வெளியே, தடத்துக்கு இணையாகவோ மெதுவாக வட்டமிட்டோ நின்று, வரிசையாக வரும் நாலைந்து கப்பல்களின் வேகத்தையும் இடைவெளியையும் பார்ப்பேன். எந்தக் கப்பலுக்குப் பின்னால் போவது என்று பெயரோடு முடிவு செய்வேன். படகில் இருக்கும் எல்லாருக்கும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவேன். அந்தக் கப்பலின் நடுப்பகுதி நம்மைத் தாண்டும்போது முகப்பைத் தெற்கே திருப்பினால், தடத்துக்குள் நுழையும் நேரத்தில் அதன் பின்புறம் போய்விட்டிருக்கும். அது கிளப்பிய அலையில் படகு நாலைந்து முறை ஆடும். கீழே கோப்பை தட்டெல்லாம் கட்டி வைத்திருக்க வேண்டும். முகப்புக்கு முன்னால் ஓடித் தாண்டிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். இடைவெளி ஐந்து மைல் இருந்தாலும் சரி, 'இப்போது நுழைந்தால் என் இயந்திரம் நடுவில் நின்றுபோனால் என்ன?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இயந்திரம் என்றதும் சொல்ல வேண்டியது: காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் தடத்தை இயந்திரத்தில்தான் கடக்க வேண்டும். பாயும் விரித்திருக்கட்டும், அது மாற்று ஏற்பாடு. இயந்திரம் ஓடுகிற நிமிடமே சட்டப்படி நீங்கள் இயந்திரக் கலம் ஆகிவிடுவீர்கள். பகலில் பாயோடு இயந்திரமும் ஓடினால் முனை கீழே இருக்கும்படி ஒரு கறுப்புக் கூம்பை முன்னால் தொங்கவிட வேண்டும். சின்னப் படகுகளில் இயந்திரம் அணைந்துபோவது பெரும்பாலும் டீசலால்தான். மரீனாவில் அசையாமல் கிடந்த தொட்டியின் அடியில் படிந்திருக்கும் கசடு, கப்பல் அலையில் படகு ஆடும்போது கலங்கி மேலே வந்து வடிகட்டியை அடைத்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் புது வடிகட்டி மாட்டி, அரை மணி நேரமாவது இயந்திரத்தைச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று பிளாஸ்டிக் பை. சிங்கப்பூர் நீரிணையில் மிதக்கும் பை ஒன்று, குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே வரும் துளையில் ஒட்டிக்கொண்டால் ஐந்தே நிமிடத்தில் இயந்திரம் கொதிக்கும். தடத்துக்குள் இருக்கும்போது புகைபோக்கியிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒருவரைப் பின்னால் உட்கார வையுங்கள். அந்த வேலையை ஒரு சிறுவனிடம் கொடுத்தால் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வான்.

தடத்துக்குள் நுழைந்த பிறகு, கணக்கில் இல்லாத ஒரு கப்பல் வேகமாக முந்திக்கொண்டு வருவது தெரிகிறது என்று வையுங்கள். என்ன செய்வது? பலரும் "கப்பலின் பின்புறத்தை நோக்கித் திரும்பு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். இரண்டு தடத்துக்கும் அது ஒரே மாதிரிப் பொருந்தாது. முதல் தடத்தில் கப்பல் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. தூரத்தில் இருக்கும்போது நீங்கள் இடப்பக்கம் திரும்பி அதன் பின்னால் போனால் சரி. நெருங்கிய பிறகு அப்படிச் செய்தால் ஆபத்து, ஏனென்றால் கப்பல் உங்களைத் தவிர்க்க விரும்பினால் அது திரும்பப்போவது அதன் வலப்பக்கம். நீங்களும் அதே இடத்துக்குள் போய் நுழைவீர்கள். அந்த நிலையில் வலப்பக்கம் திரும்பி, அதாவது மேற்கே, கப்பல் போகும் அதே திசையில் இணையாக ஓடுங்கள். அது உங்களைத் தாண்டிப் போகட்டும்; பின்னால் இடம் திறந்ததும் தெற்கே திரும்புங்கள். இரண்டாவது தடத்தில் கப்பல் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே வலப்பக்கம் திரும்பினாலே அதன் பின்புறத்தை நோக்கித்தான் திரும்புகிறீர்கள், விதிக்கும் அதுவே பொருந்தும். இரண்டு இடத்திலும் வேகத்தைக் குறைப்பது எப்போதும் உங்கள் கையில் இருக்கிறது. எதைச் செய்தாலும் பெரிதாகச் செய்யுங்கள். பத்து டிகிரி திரும்பினால் கப்பலிலிருந்து யாருக்கும் தெரியாது. அறுபது டிகிரி திரும்பினால் தெரியும். கப்பல் ஐந்து முறை குறுகலாகச் சங்கு ஊதினால், 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை' என்று பொருள். ஊதியது யாரைப் பார்த்து என்று ஆராயாமல் உடனே விலகுங்கள்.

மோதல் வருமா என்று கண்டுபிடிக்க, கலங்கள் தங்கள் பெயரையும் இருப்பிடத்தையும் ரேடியோ அலையில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி வருவதற்கு முன்பே இருந்த முறை இன்றும் சிறந்தது. கைத்திசைகாட்டியில் கப்பலின் திசையைக் குறியுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் பாதையில் இருக்கிறீர்கள். பின்னணியில் பாத்தாமின் குன்றுகள் தெரிகிற நாளில் கருவியே வேண்டாம். குன்றுகள் கப்பலின் முகப்புக்குள் மறைந்துகொண்டே போனால் அது உங்களுக்கு முன்னால் தாண்டும். முகப்புக்கு முன்னால் புதிது புதிதாகக் குன்று வெளிப்பட்டால் உங்களுக்குப் பின்னால் போகும். இரண்டும் அசையாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உடனே ஏதாவது செய்யுங்கள்.

ஏஐஎஸ் கட்டாயம் வேண்டும். மற்றவர்களைப் பார்க்க மட்டுமான ஏற்பி போதாது, உங்களைக் காட்டும் கருவியாகவே வாங்குங்கள். ஆனால் அது எவ்வளவு செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலின் கருவி ஓடும்போது சில வினாடிகளுக்கு ஒருமுறை இருப்பிடம் சொல்லும், 12.5 வாட் சக்தி. படகுகளில் வழக்கமாக இருக்கும் பி வகைக் கருவி 2 வாட், 30 வினாடிக்கு ஒருமுறை. நீங்கள் காத்திருப்பதற்காக 2 நாட் வேகத்துக்கும் கீழே குறைத்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். சிங்கப்பூருக்கு வெளியே ஒரு கப்பலின் திரையில் நூற்றுக்கணக்கான முக்கோணங்கள் மொய்த்துக்கிடக்கும். அவற்றில் உங்களுடையது எங்கேயோ ஒரு புள்ளி. ரேடார் பிரதிபலிப்பானும் மாட்டுங்கள், ஆனால் மெல்லிய குழாய் வடிவில் விற்பதை நம்ப வேண்டாம். 2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவுக்கு அருகே 'ஊஸோ' என்ற பாய்மரப் படகு இரவில் காணாமல் போனது. மூன்று பேர் இறந்தார்கள். ஒரு பெரிய பயணிக் கப்பல் கடைசி நேரத்தில்தான் அதைக் கண்டது என்பது விசாரணையில் தெரிந்தது. படகு கப்பலின் ரேடாரில் பதிவாகவே இல்லை. அதன் பிறகு பிரதிபலிப்பான்களைச் சோதித்துப் பார்த்தபோது, பலரும் வாங்கி மாட்டியிருந்த அந்தக் குழாய் வடிவத்தால் பெரிய பயன் இல்லை என்று தெரிந்தது.

இன்னொரு விபத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கருவிகள் எல்லாம் இருந்தன. 2003 மே மாதம் ஆங்கிலக் கால்வாயில் அடர்ந்த மூடுபனியில் 'வாகூனா' என்ற படகும் 25 நாட் வேகத்தில் வந்த ஒரு கண்டெய்னர் கப்பலும் மோதின. இரண்டிலும் ரேடார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் மற்றதை முன்பே பார்த்துவிட்டன. கப்பலின் கேப்டன் படகு தள்ளிப் போய்விடும் என்று கருவி காட்டிய சின்ன இடைவெளியை நம்பினார். படகுக்காரர்கள் கப்பல் தங்களுக்கு முன்னால் தாண்டிவிடும் என்று நினைத்து, வேகத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் குறைத்தார்கள். படகின் முகப்பு உடைந்தது. ஐந்து பேரும் உயிர்காப்பு மிதவையில் ஏறித் தப்பினார்கள். பார்வை மங்கிய நிலையில் யாருக்கும் 'நேராகப் போகும் உரிமை' கிடையாது என்பதே 19-ஆவது விதியின் சாரம். நம் பக்கம் மூடுபனி இல்லை. ஆனால் சில ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் அதே வேலையைச் செய்யும். 2015-இல் வந்தது போன்ற புகையில் தனிப்படகு கடலுக்குப் போக எந்தக் காரணமும் இல்லை.

வானிலையில் இங்கே நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது 'சுமத்ராஸ்' என்று மாலுமிகள் சொல்லும் வரிசைப்புயலுக்கு. தென்மேற்குப் பருவத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும், பெரும்பாலும் விடியலுக்கு முன் தொடங்கி காலைக்குள், மேற்கேயிருந்து கறுத்த மேகக்கட்டு ஒன்று வில்போல வளைந்து வரும். காற்று சட்டென்று குளிரும். பத்து நிமிடத்தில் 40 நாட் காற்றும் கண் தெரியாத மழையும். மழைத்துளிகள் ரேடார் திரையை நிரப்பிவிடும், உங்கள் படகின் புள்ளி அதில் கரைந்துபோகும். தடத்தின் நடுவில் இருக்கும்போது அது வந்தால் மிகவும் கஷ்டம். காலையில் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கு வானம் வெளுக்கும் வரை கிளம்பாதீர்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரவில் கடக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விதி தடுக்கவில்லை. ஆனால் நங்கூரமிட்ட கப்பல்களின் தள விளக்குகளும் நகரத்தின் வெளிச்சமும் சேர்ந்து, கப்பலின் வெள்ளை, சிவப்பு, பச்சை விளக்குகளை விழுங்கிவிடும். 12 மீட்டருக்குக் குறைவான உங்கள் படகின் பக்க விளக்குகள் ஒரு கடல் மைல் தெரிந்தால் போதும் என்பதுதான் விதி; 15 நாட் கப்பலுக்கு அது நான்கு நிமிட எச்சரிக்கை. கட்டாயத்தால் இரவில் மாட்டிக்கொண்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: செங்குத்தாக மூன்று பச்சை விளக்கு தெரிந்தால் தடத்தைக் குறுக்கே கடக்கும் கப்பல். சிங்கப்பூர் நீரிணையில் 2011-இல் தொடங்கிய ஏற்பாடு இது.

இரவானாலும் பகலானாலும் நான் மிகவும் அஞ்சுவது பெரிய கப்பல்களை அல்ல, இழுவைப் படகுகளை. மணலோ நிலக்கரியோ ஏற்றிய பார்ஜை நீண்ட கம்பிக் கயிற்றில் இழுத்துக்கொண்டு ஆமை வேகத்தில் வரும். முன்னால் போகும் இழுவைப் படகு சின்னதாகத் தெரியும், பார்ஜ் வேறெங்கோ தனியாக மிதப்பது போலத் தோன்றும். நடுவில் இருக்கும் கயிறு தண்ணீருக்குள். 'இரண்டுக்கும் நடுவே நல்ல இடம் இருக்கிறதே' என்று உள்ளே போனவர்களின் சுக்கானும் உயிரும் போகும். செங்குத்தாக இரண்டு அல்லது மூன்று வெள்ளை விளக்கு தெரிந்தால் இழுவை. மூன்று என்றால் இழுப்பின் நீளம் 200 மீட்டருக்கு மேல். பகலில் அப்போது வைர வடிவக் கறுப்பு அடையாளம் தொங்கும். ஹார்பர்ஃபிரன்ட்டிலிருந்தும் தானா மேராவிலிருந்தும் பாத்தாமுக்குப் பறக்கும் ஃபெர்ரிகள் அருகே உரசிக்கொண்டு போவதுபோல இருக்கும். அவர்கள் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அந்த நேரத்தில் திடீரென்று திசை மாற்றாமல் நேராகப் போனால் போதும்.

வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆவது சேனலோடு அந்தப் பகுதியின் போக்குவரத்துச் சேனலையும் கேட்டுக்கொண்டிருங்கள்: சிங்கப்பூருக்கு மேற்கே 73, நடுவில் 14, கிழக்கே 10. 1998 டிசம்பர் முதல் பெரிய கப்பல்கள் எல்லாம் இந்தச் சேனல்களில் தங்கள் இருப்பைச் சொல்லியே ஆக வேண்டும். யார் எங்கே திரும்பப்போகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இயந்திரம் நின்று நகர முடியாமல் போனால் தயங்காமல் அழையுங்கள். அந்த நிமிடமே சுற்றியுள்ள கப்பல்களுக்கு எச்சரிக்கை போகும். மற்றபடி, கப்பலைக் கூப்பிட்டு 'நீங்கள் இப்படி வாருங்கள், நான் அப்படிப் போகிறேன்' என்று ரேடியோவில் பேரம் பேசாதீர்கள். பேசிய கப்பல் நீங்கள் நினைத்த கப்பல்தானா என்பதே பல நேரம் உறுதியில்லை, பேசுகிற நேரத்தில் ஒரு மைல் போய்விடும். ஏஐஎஸ்ஸில் பெயர் பார்த்து, 'உங்கள் பின்னால் போகிறேன், சிறிய பாய்மரப் படகு' என்று ஒரு வரி சொன்னால் தவறில்லை.

எல்லாக் கப்பலும் ஒழுங்காகத் தடத்தில் நேராகப் போகும் என்றும் எண்ண வேண்டாம். 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில், இதே நீரிணையின் கிழக்கு முனையில், அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன், சுக்கான் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குழப்பத்தால் திடீரென்று இடப்பக்கம் திரும்பி, தான் முந்திக்கொண்டிருந்த அல்னிக் எம்சி என்ற டேங்கரின் முன்னால் போய் விழுந்தது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். ஒன்றை ஒன்று முந்தும் இரண்டு கப்பல்களுக்கு அருகில் போகவே போகாதீர்கள்.

இனி காகிதங்கள். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் முன் போர்ட் கிளியரன்ஸும் குடிநுழைவு முத்திரையும் வேண்டும். சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு அருகே உள்ள குடிநுழைவு நங்கூரப் பகுதியில் அதிகாரிகளின் படகு பக்கத்தில் வரும். கம்பில் கட்டிய வலையை நீட்டுவார்கள், பாஸ்போர்ட்களை அதில் போட வேண்டும். நீர் புகாத ஒரே பையில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். படகின் பதிவுச் சான்றும், எல்லார் பெயரும் உள்ள மாலுமிப் பட்டியலின் பல பிரதிகளும் கையில் இருக்கட்டும். இந்தோனேசிய நீர்ப்பரப்புக்குள் போனதும் மஞ்சள் கொடியும், வலப்பக்கத்தில் அந்நாட்டுக் கொடியும் ஏற்ற வேண்டும். நுழைவு முறைகள் முடிந்ததும் மஞ்சளை இறக்கலாம். பாத்தாம் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். முதல் முறை மரீனா அலுவலகத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள், பெரும்பாலான வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

லங்காவிப் பயணம் இதைவிட நீளம், ஆனால் கடப்பது குறைவு. மலேசியக் கரைக்கும் தடத்தின் விளிம்புக்கும் நடுவே உள்ள கரையோரப் பகுதியிலேயே வடக்கே போய்விடலாம். 20 மீட்டருக்குக் குறைவான கலங்களும் பாய்மரங்களும் அதைப் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது. பிசாங் தீவு, மலாக்கா, போர்ட் டிக்சன், போர்ட் கிளாங், பாங்கோர், பினாங்கு என்று பகலில் மட்டும் ஓடி இரவில் தங்கிப் போங்கள். அங்கே கப்பலைவிட மீன்பிடி வலைகள்தான் தொல்லை. வலையின் ஒரு முனையில் மூங்கிலும் கறுப்புக் கொடியும், இன்னொரு முனை எங்கே என்று தெரியாது. கொடியைப் பார்த்ததும் மீனவர் படகு எங்கே என்று தேடுங்கள். அவர் கையசைக்கும் பக்கம் போங்கள், அவருக்குத்தான் தெரியும். புரொப்பெல்லரில் சிக்கினால் அறுக்க ஒரு பல் வைத்த கத்தியும் நீச்சல் கண்ணாடியும் மேலேயே இருக்கட்டும், நங்கூரம் போட்டு ஓட்டம் தணிந்த பிறகே இறங்குங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை மேற்குக் கரையில் கடல் அமைதி. முதல் பயணத்தை ஜனவரியில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் பாத்தாமுக்கு இரண்டு மூன்று முறை போய்வந்துவிடுங்கள். அதில் முதல் முறை, இந்த நீரிணையைப் பலமுறை கடந்த ஒருவரை உங்கள் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள்.